பாராசெக்டுக்குள் இருப்பது யார்?

போக்கிமான் விளையாட்டில் 47ஆம் எண் உயிருக்குப் பெயர் பாராசெக்ட். நண்டுக்கு இருப்பது மாதிரிக் கொடுக்குகள், முதுகை முழுக்க மூடிய சிவப்புக் காளான் குடை, குடைக்கடியில் கருவிழி இல்லாத இரண்டு வெள்ளைக் கண்கள். இதன் இளம்பருவம் 46ஆம் எண் பாராஸ். அதன் முதுகில் சின்னதாக இரண்டே காளான்கள்தான். கண்ணில் கருவிழியும் உண்டு. பாராஸ் 24ஆம் லெவலைத் தொட்டதும் திரை மினுங்கி, பாராசெக்ட் வந்து நிற்கும்.

விளையாட்டுக்குள்ளேயே போக்கிடெக்ஸ் என்று ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. பதிப்புக்குப் பதிப்பு அது இந்த உயிரைப் பற்றி ஒன்றிரண்டு வரி கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது. ஒட்டுண்ணிக் காளான் பூச்சியைக் கைப்பற்றிவிட்டது என்றது முதலில். யோசிப்பதெல்லாம் காளான்தான் போலிருக்கிறது என்றது பிறகு. ஈரமான இருட்டு இடம் இதற்குப் பிடிக்குமாம். அந்த ஆசைகூடப் பூச்சியுடையதில்லை, காளானுடையது என்றது இன்னொன்று. பின்னால் வந்த ஒரு பதிப்பு, பூச்சி ஏறக்குறைய செத்தேவிட்டது, காளானைப் பிடுங்கினால் அசைவும் நின்றுவிடும் என்று முடித்துவிட்டது.

இதை வாசித்துவிட்டுத்தான் என் மகன் வந்து நின்றான். "அம்மா, இதுக்கு நான் சின்னான்னு பேரு வெச்சிருந்தேன். மாறுனதுக்கப்புறமும் சின்னான்னுதான் காட்டுது. இப்ப சின்னான் இருக்கானா, செத்துட்டானா?"

அவன் அப்பாவிடம் போகாமல் என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. நான் வேலை பார்ப்பது பொள்ளாச்சிப் பக்கம் ஓர் உயிரியல் பூச்சிக்கட்டுப்பாட்டு லேபில். பூச்சியைக் கொல்லும் பூஞ்சாணத்தை வளர்த்துப் பொடியாக்கி விவசாயிகளுக்குக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. தென்னையின் குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு எருக்குழியில்தான் முட்டையிடும். புழு அங்கேதான் வளரும். அந்த எருவில் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தைக் கலந்துவிட்டால் புழுக்கள் நோய் கண்டு சாகும். அரிசியை அரை வேக்காடாக எடுத்து, கவரில் கட்டி, ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்கி, ஆறினதும் லேமினார் காற்றுப் பெட்டிக்குள் வைத்து வித்துச் சேர்ப்போம். அரிசி முதலில் வெள்ளையாகப் பூத்து, அப்புறம் கரும்பச்சையாகிவிடும்.

தரம் பார்ப்பதற்காக ஒவ்வொரு தொகுதியிலும் கொஞ்சம் எடுத்துப் புழுக்களுக்குக் கொடுத்துப் பார்ப்போம். பெருவிரல் தடிமனில், பால் நிறத்தில், சுருண்டு கிடக்கும் புழு. வித்து அதன் தோலில் ஒட்டிக்கொண்டு முளைவிடும். முளையின் நுனி தட்டையாகித் தோலில் அழுந்தும். தோலைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்தபடியே துளைத்து உள்ளே போகும். உள்ளே போனதும் இழையாக இருப்பதை விட்டுத் தனித்தனிச் செல்லாக உடைந்து, புழுவின் ரத்தத்தில் மிதந்து பெருகும். இவ்வளவும் நடக்கும்போது புழு சாணத்தைத் தின்றுகொண்டுதான் இருக்கும். அப்புறம் தின்பது குறையும். தோலில் பழுப்புப் புள்ளிகள் விழும். செத்த பிறகு அது அழுகாது, நாறாது, விறைத்துப் போகும். கால்களின் இணுக்கிலும் தோல் மடிப்பிலும் வெள்ளை நூல் எட்டிப் பார்க்கும். ஈரம் இருந்தால் உடம்பு முழுக்கப் பச்சைப் பொடி.

புழு செத்துவிட்டதா என்பதை ஒரு மெல்லிய பிரஷ்ஷால் வாய்ப்பக்கம் தொட்டுத்தான் பார்ப்போம். தாடை அசைந்தால் உயிர். ஆனால் நோய் முற்றிய புழுவில் அந்த அசைவு தொட்டவுடன் வராது, கொஞ்சம் கழித்து, யாரோ சொல்லி அனுப்பியது போல வரும். அப்போது அந்தத் தோலுக்குள் புழுவின் செல் அதிகமா, பூஞ்சாணத்தின் செல் அதிகமா என்று பார்வையால் சொல்ல முடியாது. எங்கள் பதிவேட்டில் இரண்டே பத்திகள்: உயிருடன், இறந்தது. மூன்றாவது பத்தி இல்லை. மகன் கேட்டது அந்த மூன்றாவது பத்தியைப் பற்றித்தான்.

பாராசெக்டைக் கற்பனை செய்தவர்களுக்குப் பூச்சி தெரியும். போக்கிமானை உருவாக்கிய சதோஷி தஜிரி டோக்கியோவை ஒட்டிய மச்சிதாவில் பூச்சி பிடித்துத் திரிந்த பையன். வயலும் குட்டையும் வீட்டுமனையாகிப்போன பிறகு வளரும் பிள்ளைகளுக்கும் அந்தச் சேகரிக்கும் சந்தோஷம் கிடைக்க வேண்டும் என்ற நினைப்பில்தான் 1996 பிப்ரவரியில் கேம்பாயில் அந்த விளையாட்டு வந்தது. பாராஸைப் பார்த்தால் மண்ணுக்கடியில் வாழும் சில்வண்டின் இளம்புழு நினைவுக்கு வரும். அதன் முதுகுக் காளானுக்கு விளையாட்டே சொல்லும் பெயர் டோச்சூகாசோ. பூச்சிகளைத் தாக்கி அவற்றின் உடலிலிருந்து முளைக்கும் காளான்களுக்கு ஜப்பானில் காலகாலமாக வழங்கும் பெயர் அது. சில்வண்டுப் புழுவின் தலையிலிருந்து மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே நீட்டும் அந்தக் காளான் குச்சியை ஜப்பானியக் காடுகளில் இன்றும் தேடிப் போகிறவர்கள் உண்டு.

இந்தக் குடும்பத்தில் பெயர் பெற்றது எறும்பைப் பிடிக்கும் ஓஃபியோகார்டிசெப்ஸ். தாய்லாந்துக் காடுகளில் மர உச்சியில் கூடு கட்டும் தச்செறும்பு ஒன்று. நோய் கண்டதும் தன் வரிசையை விட்டு விலகும். வலிப்பு வந்து கீழே விழும். தரையிலிருந்து ஓர் அடிக்கும் குறைவான உயரத்தில் உள்ள ஓர் இலையின் அடிப்புறத்துக்குப் போய், நடுப்பகல் வாக்கில், இலையின் நரம்பை ஒரே கடியாகக் கடித்துத் தொங்கும். கடித்த கடி விடாது, தாடைத் தசை தேய்ந்துபோயிருக்கும். செத்த பிறகு தலைக்குப் பின்னால் ஒரு தண்டு முளைத்து, கீழே போகும் எறும்புகள் மேல் வித்துகளைக் கொட்டும். ஜெர்மனியில் மெஸ்ஸல் என்ற இடத்தில் கிடைத்த 4 கோடியே 80 லட்சம் ஆண்டு பழமையான இலைப் புதைபடிவம் ஒன்றில் நரம்பை ஒட்டி இதே கடித்தடங்கள் இருக்கின்றன. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' விளையாட்டில் மனிதர்களைப் பிடித்தது இந்தப் பூஞ்சாணத்தின் உறவுதான். எனக்கு அதைவிடப் பாராசெக்டைப் பிடிக்கும். அங்கே பயம் மட்டும்தான், இங்கே கேள்வி இருக்கிறது.

பாராசெக்டின் கதை நம்பியிருப்பது ஒரு படத்தை. உடம்பு என்பது வண்டி, உள்ளே ஒரு டிரைவர் சீட்டு. நேற்றுவரை அதில் பூச்சி உட்கார்ந்திருந்தது, இன்றைக்குக் காளான் அதைக் கீழே தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டது. எறும்புக்கும் அப்படித்தான் நடக்கிறது, பூஞ்சாணம் மூளைக்குள் புகுந்துவிடுகிறது என்று நாங்களும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். 2017இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹியூஸ் குழுவினர், கடித்துத் தொங்கும் நேரத்தில் எறும்பின் உடலை மிக மெல்லிய சீவல்களாகச் சீவி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து, கணினியில் முப்பரிமாணமாக அடுக்கிப் பார்த்தார்கள். பூஞ்சாணத்தின் செல்கள் தலை, மார்பு, வயிறு, கால் எங்கும் இருந்தன. தசைநார்களைச் சுற்றி ஒன்றோடொன்று குழாய் போட்டு இணைந்து ஒரு வலையே பின்னியிருந்தன. மூளைக்குள் மட்டும் அவர்கள் ஒரு செல்லையும் பார்க்கவில்லை.

பூஞ்சாணம் சுரக்கும் ரசாயனங்கள் மூளையைப் பாதிக்கக்கூடும். அதை அவர்கள் மறுக்கவில்லை. வீட்டு ஈயைப் பிடிக்கும் இன்னொரு பூஞ்சாணம் நோயின் தொடக்கத்திலேயே நரம்பு மண்டலத்துக்குள் போய்விடும் என்பதும் தெரிந்ததுதான். ஆகவே இதை எல்லாப் பூஞ்சாணத்துக்கும் பொது விதியாக்க மாட்டேன். ஆனாலும் எறும்பின் விஷயம் என்னை யோசிக்க வைத்தது. சீட்டில் எறும்பு உட்கார்ந்தபடியே இருக்கிறது. கைகால் மட்டும் அதன் பேச்சைக் கேட்கவில்லை. சரி, அப்படியானால் ஓட்டுவது பூஞ்சாணமா? அதற்கு மூளையே கிடையாது. கோடிக்கணக்கான செல்கள், ஒவ்வொன்றும் பக்கத்துச் செல்லோடு பேசிக்கொண்டு, எதுவும் தலைமை ஏற்காமல், ஓர் எறும்பைச் சரியான இலைக்குச் சரியான நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. யோசிப்பது காளான்தான் என்று போக்கிடெக்ஸ் சொல்வது இங்கேதான் சறுக்குகிறது. யோசிப்பதற்கு அங்கே எதுவும் தேவைப்படவில்லை.

இதை என் அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கிக் கணக்கர். முப்பது நாற்பது வருஷமாகச் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறவர். எங்கள் லேப் வேலையை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. சம்பள நாளன்று மட்டும் திருநீறு கொஞ்சம் கூடுதலாகப் பூசிவிடுவார், அவ்வளவுதான்.

"சீட்டு இல்லைன்னு சொல்றியா, சீட்டுல ஆள் இல்லைன்னு சொல்றியா?" என்று கேட்டார். வேறு வேறு கேள்விகள்தான். மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் உயிர் உண்டு என்பதற்கு அடுக்கும் காரணங்களில் ஒன்று இந்த இடத்துக்குத்தான் வரும். 'என் உடல்' என்று சொல்கிறோம். அப்படிச் சொல்பவன் உடலுக்கு வேறானவனாக இருந்தால்தான் அந்தப் பேச்சுக்குப் பொருள். அப்பா அதை எடுத்துவிட்டு, "உன் எறும்பு கடிச்சுத் தொங்குறப்போ, 'என் காலு'ன்னு நெனைக்க அங்க ஒண்ணு இருக்குதில்ல? அது போதும். காலு கேக்குதா கேக்கலையாங்கறது ரெண்டாவது விஷயம்" என்றார்.

எனக்கு அது போதவில்லை. பாராஸைப் பற்றிப் போக்கிடெக்ஸ் சொல்லும் இன்னொரு தகவல் அதற்குக் காரணம். பிறக்கும்போதே அதன் மேல் காளான் வித்து தூவப்பட்டிருக்குமாம். அதாவது காளான் இல்லாத பாராஸ் என்று ஒன்று ஒருநாளும் இருந்ததே இல்லை. மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஆசை சின்ன வயதிலேயே காளான் சொல்லிக்கொடுத்ததுதான். அப்படிப் பிறந்த உயிர் 'என்' என்று நினைத்தால், அந்த 'என்'னில் காளான் எவ்வளவு? வெளியிலிருந்து வந்து பிடித்ததென்றால் ஓட்டுவதைப் பற்றிப் பேசலாம். கூடவே பிறந்ததை எங்கிருந்து ஓட்டுவது?

சித்தாந்தத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. ஆணவ மலம் இடையில் வந்து ஒட்டியதல்ல, செம்பில் களிம்பு போல என்றைக்கும் உடனிருப்பது என்பது அவர்கள் கொள்கை. உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும் என்பதும் அவர்கள் சொல்வதுதான். இந்த இரண்டாவது கருத்து எனக்கு மெய்கண்டாரின் தர்க்கத்தைவிடப் பிடித்திருக்கிறது. சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து அதிகாரம் பண்ணும் டிரைவரை அது கற்பிப்பதில்லை. தனக்கென்று உறுதியான நிறமில்லாத ஒன்றை, சார்பினால் மட்டுமே தெரியவரும் ஒன்றைப் பற்றிப் பேசுகிறது. நான் நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு அது கிட்டத்தில் வருகிறது. அதற்காகப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பூஞ்சாணம் தெரிந்திருந்தது என்று யாராவது கிளம்பினால் அவர்களோடு எனக்கு உறவில்லை.

சார்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சில்வண்டே சாட்சி. அது குடிப்பது மரத்தின் நீர்க்குழாயில் ஓடும் சாறு. ஏறக்குறைய வெறும் தண்ணீர். உடம்பு வளர்க்கத் தேவையான அமினோ அமிலங்களில் பல அதில் கிடைக்காது. அதனால் சில்வண்டுகள் தம் உடலுக்குள் இருவகை பாக்டீரியாக்களைப் பல கோடி ஆண்டுகளாகக் குடிவைத்து அவற்றிடமிருந்து வாங்கிக்கொள்கின்றன. 2018இல் யூ மத்சூரா, தகேமா ஃபுகத்சு முதலியோர் ஜப்பானியச் சில்வண்டுகளை ஆராய்ந்தபோது, பல இனங்களில் அந்த இரண்டு பாக்டீரியாக்களில் ஒன்றைக் காணோம். அதற்குப் பதிலாக உள்ளே இருந்து அதே வேலையைப் பார்த்தது ஒரு பூஞ்சாணம். தாயிடமிருந்து முட்டை வழியாகவே அது பிள்ளைக்குப் போகிறது. அதன் மரபணுவை வைத்து உறவு தேடினால், சில்வண்டுகளைக் கொல்லும் ஓஃபியோகார்டிசெப்ஸ் காளான்களுக்கு நடுவில் போய் நிற்கிறது. கொலைகாரனின் வாரிசு சமையல்காரனாகிவிட்டது. அதுவும் ஒருமுறை அல்ல, வெவ்வேறு வம்சங்களில் தனித்தனியாக.

மகனுக்கு இதைச் சொன்னபோது அவன் ஒரு பதிப்பைத் தேடி எடுத்துக் காட்டினான். பூச்சியிடம் உறிஞ்ச இனி ஒன்றுமில்லை என்ற நிலை வந்ததும் காளான் தன் வித்தைப் பூச்சியின் முட்டைகள்மேல் விட்டுவிடுமாம். கிரிஸ்டல் பதிப்பு, 2000இல் வந்தது. ஆராய்ச்சிக்குப் பதினெட்டு வருஷம் முந்தி. தற்செயல்தான், ஆனால் பூச்சி தெரிந்தவர்களின் கற்பனைக்கு இப்படித் தற்செயல் வாய்க்கும்.

அந்தச் சில்வண்டின் உடம்பில் யார் வீட்டுக்காரன், யார் குடித்தனக்காரன் என்று கேட்டால் அபத்தம். பூஞ்சாணத்தை நீக்கினால் சில்வண்டு பிழைக்காது. நம் ஒவ்வொரு செல்லிலும் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்டிரியாவும் ஒருகாலத்தில் தனியே திரிந்த பாக்டீரியா என்று லின் மார்குலிஸ் 1967இல் எழுதியபோது பலர் சிரித்தார்கள். இன்று அது பதினொன்றாம் வகுப்புப் பாடம். பாராசெக்டைப் பார்த்து நாம் அருவருப்பது, அதே கதையை நடுவில் நிறுத்திப் பார்ப்பதால்தானோ என்று ஒரு சமயம் தோன்றும்.

ஒரு சமயம்தான். லேபில் அந்தப் புழுவின் தாடை தாமதமாக அசைவதைப் பார்க்கிறவளுக்கு, எல்லாம் கோடி ஆண்டில் நட்பாகிவிடும் என்ற சமாதானம் எடுபடாது. டார்வினுக்கும் எடுபடவில்லை. 1860இல் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், உயிரோடிருக்கும் கம்பளிப்புழுவின் உள்ளிருந்து தின்னும் குளவிகளைக் கருணையும் சர்வ வல்லமையும் உள்ள கடவுள் தெரிந்தே படைத்தார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று எழுதினார். கிறித்தவப் படைப்புக் கொள்கைக்கு அது பெரிய அடி. என் அப்பாவுக்கு அடியே இல்லை. உயிரைப் படைத்தவன் இறைவன் என்று சித்தாந்தம் சொல்வதில்லை, உயிர் என்றைக்கும் உள்ளது என்று சொல்லிவிட்டுச் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொள்வார். கடவுள் தப்பித்துக்கொள்ளலாம். பொடி தயாரிப்பவள் நான்.

ஜப்பானியர்கள் இந்த இடத்தில் வேறு வழி கண்டிருக்கிறார்கள். டோக்கியோவின் உயேனோ பகுதியில் கான்-எய்-ஜி கோயிலில் 1821இல் நாட்டிய ஒரு கல் இருக்கிறது. மசுயாமா செஸ்ஸாய் என்ற சிற்றரசர் பூச்சிகளை அச்சு அசலாக வரைவதில் பைத்தியமாக இருந்தவர். தன் ஓவியத்துக்காக உயிர்விட்ட பூச்சிகளுக்கென்று அவர் விரும்பிய நினைவுக்கல் அது. அவர் இறந்த பிறகு எழுந்தது. உடற்கூறு ஆசிரியரும் பூச்சி சேகரிப்பவருமான தகேஷி யோரோ 2015இல் கமகுராவின் கெஞ்சோ-ஜி கோயிலில் இன்னொன்று அமைத்தார். கோயாசான் மலையின் கல்லறைக் காட்டிலோ, கரையான் ஒழிப்பவர்களின் சங்கமே கரையான்களுக்குக் கல் நாட்டியிருக்கிறது, அவை நிம்மதியாக உறங்கட்டும் என்று. அதைப் பற்றி முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. அப்புறம் எங்கள் லேப் வாசலில் அப்படி ஒன்று இருந்தால் என்ன எழுதுவோம் என்று யோசித்தேன். புழுவுக்கு எழுதலாம். வேற்றுப் பூசணம் கலந்துவிட்டதென்று கவர் கவராக ஆட்டோகிளேவில் வேகவைத்துக் கொட்டுகிறோமே, அந்தப் பூஞ்சாணத்துக்கு யார் எழுதுவது?

போக்கிமானிலும் சாவு உண்டு. லாவெண்டர் டவுன் என்ற ஊரில் ஒரு கோபுரம் முழுக்க இறந்த போக்கிமான்களின் சமாதிகள். துக்கம் கொண்டாட வந்தவர்கள் அங்கங்கே நிற்பார்கள். மேல் தளங்களில் பூசாரிப் பெண்கள் சிலர்மேல் ஆவி ஏறியிருக்கும். அவர்களைத் தோற்கடித்தால் ஆவி விலகி, தன்னிலைக்கு வந்து பேசுவார்கள். ஆவி பிடித்த மனுஷி திரும்பி வருகிறாள். காளான் பிடித்த பூச்சி வருவதில்லை. ஒரே விளையாட்டுக்குள் பிடிப்புக்கு இரண்டு சட்டம்! அந்தக் கோபுரத்தில் சின்னானைப் புதைத்தால் கல்லில் பாராஸ் படத்தைப் போடுவதா, பாராசெக்ட் படத்தைப் போடுவதா என்று மகனிடம் கேட்டேன். "பேரு மட்டும் போட்டுக்கலாம்" என்றான்.

இதைக் கேட்டுத்தான் அப்பாவுக்குத் திருமூலர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பெரிய புராணத்தில் உள்ள கதை. கைலாயத்திலிருந்து அகத்தியரைப் பார்க்கத் தெற்கே வந்த சிவயோகி ஒருவர், காவிரிக்கரைச் சாத்தனூரில் மூலன் என்ற இடையன் செத்துக் கிடப்பதையும் அவன் மேய்த்த பசுக்கள் சுற்றிநின்று கதறுவதையும் காண்கிறார். பசுக்களின் துயரம் தாங்காமல், தன் உடலை ஒரு பக்கம் வைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் புகுகிறார். மூலன் எழுந்ததும் பசுக்கள் நக்கி மோந்து களித்து மேயப் போகின்றன. மாலையில் அவை தாமே ஊருக்குத் திரும்ப, அவர் பின்னால் போகிறார். மூலனின் மனைவி வழிமேல் வந்து வீட்டுக்கு அழைக்கிறாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்று சொல்லிவிட்டு அவர் ஒரு மடத்துக்குள் போய்விடுகிறார். மறுநாள் தன் உடலைத் தேடினால் காணோம், இறைவன் மறைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவருக்கு மிஞ்சியது இடையனின் உடலும் இடையனின் பெயரும்தான். மூலன், திருமூலர் ஆனார்.

அப்பா இதைச் சொன்னது, வந்து புகுவது கருணையாலும் இருக்கலாம் என்று காட்ட. சாத்தனூரில் உள்ளே போனது காளான் இல்லை, ஞானி. நான் கேட்டது வேறு. அந்த உடம்பைப் பார்த்த சாட்சிகள் இரண்டு தரப்பு. பசுக்களுக்கு மூலன் திரும்பிவிட்டான். மணம் அதே மணம், குரல் அதே குரல், ஓட்டிப்போகும் கை அதே கை. மனைவிக்கு மூலன் திரும்பவில்லை. உடம்பு வாசலில் நிற்கிறது, ஆள் இல்லை. யார் சொல்வது சரி? பசுக்கள் ஏமாந்தன என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவர் புகுந்ததே பசுக்களுக்காகத்தான். அவற்றின் துயரம் நிஜமாகவே தீர்ந்தது. மனைவியும் பொய் சொல்லவில்லை.

உள்ளே யார் என்ற கேள்விக்கு உடம்பைத் திறந்து பார்த்து விடை சொல்லிவிடலாம் என்று நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நம்பினேன். இப்போது அந்த நம்பிக்கை குறைந்திருக்கிறது. யாருக்கு யார் என்று கேட்டால்தான் அந்தக் கேள்வி நிற்கிறது. மகன் பசுக்களின் கட்சி: கூப்பிட்டால் வருகிறது, சொன்னபடி சண்டை போடுகிறது, எதிரியின் மேல் வித்துத் தூவித் தூங்கவைக்கிறது, பெயர் சின்னான். நான் அந்த மனைவியின் கட்சி. அந்த வெள்ளைக் கண்ணைப் பார்த்ததும் உறவில்லை என்று சொல்லப்பட்டது போலத்தான் இருக்கிறது. பெரிய புராணம் அந்தப் பெண்ணை ஊராரிடம் அழவிட்டு, அவர்கள் சமாதானம் சொன்னதோடு அங்கேயே விட்டுவிடுகிறது. கதை யோகியோடு திருவாவடுதுறைக்குப் போய்விடுகிறது. அப்பாவிடம் அவள் பெயர் என்னவென்று கேட்டேன். புராணத்தில் இல்லை என்றார்.

இந்த விளையாட்டில் ஒரு வசதி உண்டு. பாராஸ் மாறத் தொடங்கும்போது பி பொத்தானை அழுத்தினால் மாற்றம் நின்றுவிடும். ஆனால் அத்தோடு விடாது. அடுத்த லெவலிலும் கேட்கும், அதற்கடுத்ததிலும். ஒவ்வொரு தடவையும் அழுத்த வேண்டும். மகன் இப்போது மூன் மலைக் குகையில் இன்னொரு பாராஸைப் பிடித்து, அதை மாறவிடாமல் வளர்க்கிறான். எனக்காக என்று சொல்லவில்லை. "சும்மா பாக்கலாம்னு" என்கிறான். அது 31ஆம் லெவலுக்கு வந்துவிட்டது.

அப்பா அவன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏங்கண்ணு, அந்தக் காளான் வளரோணும்னுதானே இத்தன நாளாக் காத்துட்டு இருக்குது? அது உசுரில்லியா?"

"அப்புச்சி, அது காளான்!" என்றான் மகன்.

நான் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் லேபில் ஒரு தொகுதி கெட்டுப்போயிருந்தது. கவர்களை எண்ணி ஆட்டோகிளேவில் அடுக்கி, பதிவேட்டில் எழுதினேன். அதற்கு ஒரே ஒரு பத்திதான்: நீக்கப்பட்டது.